விசாகப்பட்டினத்தில் மூன்று நாள்: அரக்கு அடுத்த முறைக்கு இருக்கட்டும்

சனி, ஞாயிறோடு திங்களும் சேர்ந்து விடுமுறை வந்துவிட்டால், இருவராக எங்கேயாவது போய்வர நினைப்பவர்கள் பெரும்பாலும் ஊட்டியா, கொடைக்கானலா, புதுச்சேரியா என்ற மூன்றுக்குள்ளேயே சுற்றி வருகிறார்கள். ஒருவருக்கு மலை பிடிக்கும், இன்னொருவருக்குக் கடல் பிடிக்கும் என்றால் பேச்சு அங்கேயே நின்றுவிடுகிறது. அப்படிப்பட்ட இருவருக்கு நான் முதலில் சொல்லும் ஊர் விசாகப்பட்டினம். கிழக்குத் தொடர்ச்சி மலையின் குன்றுகள் இங்கே கடலுக்குள்ளேயே வந்து இறங்குகின்றன. வடக்கே கைலாசகிரி, தெற்கே யாரடா குன்று, இரண்டுக்கும் நடுவில் தாழ்வான நிலத்தில் ஊர். தெற்குக் குன்று கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் முனைக்கு டால்பின்ஸ் நோஸ் என்று பெயர். அந்தக் குன்றின் மறைவு கிடைத்ததால்தான் உள்துறைமுகம் அங்கே அமைந்தது. 1933-ல் கப்பல் போக்குவரத்துக்குத் திறந்தார்கள்.

போகலாமா என்று கேட்பவர்களிடம் நான் வற்புறுத்திச் சொல்வது ஒன்றுதான். மூன்று நாளில் விசாகப்பட்டினத்தையும் அரக்குப் பள்ளத்தாக்கையும் சேர்த்துப் பார்க்கத் திட்டம் போடாதீர்கள். பயண ஏற்பாட்டாளர்கள் எல்லாரும் இரண்டையும் ஒன்றாகக் கட்டித்தான் விற்பார்கள். ஏன் வேண்டாம் என்கிறேன் என்பதைச் சொல்லிவிட்டு மற்றதற்குப் போகிறேன்.

அரக்கு ஏறக்குறைய 115 கிலோமீட்டர் தள்ளி மலைமேல் இருக்கிறது. காலை ஏழு மணிக்குச் சற்று முன்னால் கிளம்பும் கிரண்டுல் பாசஞ்சரில் ஏறினால் சுமார் நான்கு மணி நேரம். ஐம்பதுக்கும் மேற்பட்ட சுரங்கங்கள் வழியாக ஏறும் அந்தப் பாதை மிக அழகானது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அது 1960-களில் பைலாடிலா சுரங்கத்து இரும்புத் தாதுவை ஜப்பானுக்கு அனுப்புவதற்காகப் போட்ட பாதை. இன்றும் அங்கே தாது ஏற்றிய சரக்கு வண்டிகளுக்குப் பஞ்சமில்லை. பயணிகள் வண்டி காத்து நிற்பதும் சகஜம். மேலே போய், பழங்குடியினர் அருங்காட்சியகத்தை எட்டிப் பார்த்து, வாடகைக் காரில் திரும்பும் வழியில் போரா குகையில் இறங்கி ஏறி, ஊர் வந்து சேர இரவாகிவிடும். விடியற்காலை எழுந்ததிலிருந்து பதினான்கு மணி நேரம். அதில் பாதிக்கு மேல் இருக்கையில் உட்கார்ந்தே போகிறது. மறுநாள் இருவருக்கும் உடம்பு அலுத்துக் கிடக்கும். கடற்கரையில் நடக்கவும் தோன்றாது. அரக்குக்கென்று இரண்டு இரவு ஒதுக்கி, டிசம்பர், ஜனவரியில் எண்ணெய் வித்துப் பயிரின் மஞ்சள் பூ வயல் முழுக்க விரிந்திருக்கும்போது போங்கள். அந்த ஊருக்கு அதுதான் நியாயம்.

சரி, இந்தப் பயணத்துக்கு வருவோம். டிக்கெட் எடுக்கும்போதே ஒன்றைக் கவனியுங்கள். சென்னையிலிருந்து ஒடிசா, வங்காளம் பக்கம் போகும் சில வண்டிகள் விசாகப்பட்டினம் நிலையத்துக்குள் வருவதில்லை. அந்த நிலையத்துக்குள் வந்தால் எஞ்சினை மறுமுனைக்கு மாற்றித்தான் வெளியே போக முடியும். அந்த நேரத்தை மிச்சப்படுத்துவதற்காக, துவ்வாடா என்ற புறநகர் நிலையத்தில் நின்றுவிட்டு அப்படியே போய்விடுகிறார்கள். துவ்வாடாவிலிருந்து ஊருக்குள் வர இன்னும் பதினேழு கிலோமீட்டர் போல ஆகும். பெட்டி படுக்கையோடு அதிகாலையில் அங்கே இறங்கினால் கார் தேடி அலைய வேண்டியிருக்கும். டிக்கெட்டில் இறங்கும் இடம் விசாகப்பட்டினம் என்றுதான் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளி இரவு வண்டி ஏறிச் சனிக்கிழமை காலையில் இறங்குவதுதான் உத்தமம். பகலில் ஓடும் கோரமண்டல் நல்ல வண்டி. ஆனால் விடுமுறையில் ஒரு பகலை முழுதாக எடுத்துக்கொள்ளும். விமானத்தில் போகிறவர்களும் எந்த விமான நிலையம் என்று பார்க்க வேண்டும். பழைய நிலையம் ஊருக்குள்ளேயே கடற்படை வளாகத்தில் இருக்கிறது. புதிய நிலையத்துக்கு எடுத்த இடமான போகாபுரம் நகரத்திலிருந்து நாற்பது கிலோமீட்டருக்கும் மேல்.

தங்குவதற்கு ஆர்.கே. பீச்சிலிருந்து லாசன்ஸ் பே வரையுள்ள பகுதியைப் பாருங்கள். ரயிலடிக்கும் துவாரகா நகருக்கும் பக்கத்தில் அறை மலிவாகக் கிடைக்கும். ஆனால் காலையிலும் மாலையிலும் கடலுக்கு ஆட்டோ பிடித்தாக வேண்டும். ருஷிகொண்டா பக்கம் அழகாக இருக்கும். ஊரைவிட்டு மிகவும் தள்ளி. கடல் தெரியும் அறை என்று கூடுதலாகக் கேட்டால், எந்த மாடி, எந்தத் திசை என்று தொலைபேசியில் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். ஓரமாக எட்டிப் பார்த்தால் கடல் தெரியும் அறையையும் அந்தக் கணக்கில்தான் சேர்ப்பார்கள். நேர் கிழக்கே பார்த்த அறை கிடைத்தால் கூடுதல் வாடகைக்குத் தகும். சூரியன் ஜன்னலுக்கே வந்து எழுப்பும். இருவருடைய அசல் அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும். ஒருவருடையது மட்டும் போதாது.

இந்த ஊரின் வெளிச்சத்தைப் புரிந்துகொண்டால் திட்டம் தானாக அமைந்துவிடும். கடல் கிழக்கே, குன்றுகள் மேற்கே. நீரில் சூரியன் மறைவதைக் காணலாம் என்று மாலையில் கடற்கரைக்குப் போனால், அது முதுகுக்குப் பின்னால் குன்றுகளுக்கு அப்பால் இறங்கிவிட்டிருக்கும். ஊர் சென்னையைவிட மூன்று பாகை கிழக்கே இருப்பதால் பொழுதும் முன்னதாகச் சாயும். டிசம்பரில் ஐந்தரைக்குள் சூரியன் போய்விடும். ஆகவே கடற்கரைக்கு விடியற்காலை, குன்றுக்கு மாலை. காலையில் குன்றின் மேல் நின்று கடலைப் பார்த்தால் எதிர்வெயில் கண்ணைக் கூசும். படம் எடுத்தாலும் வெளிறிப்போகும். மாலை நான்கு மணிக்கு அதே இடத்தில் நின்றால் வெயில் உங்கள் தோளுக்குப் பின்னாலிருந்து கடலின் மேல் விழும். நீலமும் பச்சையும் தனித்தனியாகத் தெரியும்.

அதனால்தான் சனிக்கிழமை வந்து இறங்கியதும் எங்கேயும் ஓட வேண்டாம் என்கிறேன். குளித்து, பெசரட்டு சாப்பிட்டு, நன்றாகத் தூங்குங்கள். உள்ளே உப்புமா வைத்த பச்சைப்பயறு தோசை அது. இஞ்சிச் சட்னியோடு ஒன்றைச் சாப்பிட்டால் மதியம் வரை தாங்கும். மூன்றரை மணிக்குக் கைலாசகிரி அடிவாரத்துக்குப் போங்கள். மேலே கார்ப் பாதை இருக்கிறது, படியும் இருக்கிறது. ஆனால் ரோப்வேயில் ஏறுங்கள். பெட்டி ஏற ஏறக் கடற்கரையின் வளைவு முழுக்க விரிந்துகொண்டே வரும். மேலே பெரிய சிவன் பார்வதி சிலையருகில் கூட்டம் மொய்க்கும். அதைத் தாண்டிக் குன்றின் தெற்கு விளிம்புக்கு நடந்தால் டால்பின்ஸ் நோஸ் வரை நகரத்தின் கரை ஒரே கோடாகத் தெரியும். சுற்றி வரும் சின்ன ரயிலும் உண்டு. நேரமிருந்தால் ஏறலாம்; வரிசை நீளமாக இருந்தால் விட்டுவிடலாம்.

இருட்டியதும் ஆர்.கே. பீச்சுக்கு இறங்கி வந்து, குர்சுரா நீர்மூழ்கிக் கப்பலைப் பாருங்கள். இதைத் திங்கட்கிழமைக்குத் தள்ளிப் போடவே கூடாது; அன்றைக்கு அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. மூன்று நாள் விடுமுறையில் வருகிறவர்களில் பலர் கடைசி நாளுக்கு என்று வைத்திருந்து, பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புகிறார்கள். மற்ற நாட்களில் பிற்பகலிலிருந்து இரவு எட்டு மணி வாக்கில் வரை பார்க்கலாம். சோவியத் நாட்டில் கட்டி 1969 டிசம்பரில் நம் கடற்படையில் சேர்ந்த கப்பல். 1971 போரிலும் ரோந்து போயிருக்கிறது. 2001-ல் பணி ஓய்வு பெற்று, மறு ஆண்டு மணலில் ஏற்றி நிறுத்தப்பட்டது. தொண்ணூறு மீட்டருக்கு மேல் நீளம். உள்ளே ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும். வட்டக் கதவுகளில் குனிந்து காலைத் தூக்கி வைத்துக் கடக்க வேண்டும். முழங்கால் வலியோ, மூடிய இடத்தில் மூச்சு முட்டும் தொந்தரவோ இருப்பவர் வெளியே இருந்துவிடுவது நல்லது. உள்ளே விளக்கம் சொல்பவர்கள் கடற்படையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். கூட்டத்தோடு நகர்ந்து போய்விடாமல் நின்று ஒரு கேள்வி கேளுங்கள். எத்தனை பேருக்கு எத்தனை படுக்கை, குளிக்கத் தண்ணீருக்கு என்ன செய்தார்கள் என்று கேட்டால், பலகையில் எழுதாத பல விஷயங்களைச் சொல்வார்கள்.

சாலைக்கு எதிர்ப்பக்கம் நிற்கும் டியூ-142 விமானம் நமக்குச் சொந்தக்காரர் மாதிரி. நான்கு எஞ்சின், ஒவ்வொன்றிலும் எதிரெதிராகச் சுழலும் இரண்டு விசிறி. அந்த ராட்சத விமானம் 1992 முதல் அரக்கோணத்தில் ராஜாளி கடற்படைத் தளத்திலிருந்துதான் பறந்தது. 2017 மார்ச்சில் அங்கேயே விடைபெற்று, அதே ஆண்டு இங்கே அருங்காட்சியகமானது. அரக்கோணம், காஞ்சிபுரம் பக்கத்துக்காரர்கள் வானத்தில் அதன் இரைச்சலைக் கேட்டே வளர்ந்திருப்பார்கள். அதன் வயிற்றுக்குள் நடந்து பார்க்க இப்போது வாய்ப்பு.

வெளியே வந்தால் பொரியில் வெங்காயம், தக்காளி, எலுமிச்சை பிழிந்து கலந்து தரும் முரி மிக்சர் வண்டிகள் நிற்கும். வாங்கிக்கொண்டு மணலில் உட்காருங்கள். ஆனால் தண்ணீரில் இறங்காதீர்கள். ஆர்.கே. பீச்சில் கரையை ஒட்டியே ஆழம் சட்டென்று கூடும், இழுப்பும் பலமாக இருக்கும். ஒவ்வோர் ஆண்டும் வெளியூர்க்காரர்கள் இங்கே உயிர் விடுகிறார்கள். கணுக்கால் வரை நனைத்தால் போதும், அதுவும் அலைக்கு முதுகு காட்டாமல். அலையில் விளையாட ஆசையாக இருந்தால் ருஷிகொண்டாவில், உயிர்காப்பாளர்கள் நிற்கும் இடத்தில் மட்டும்.

ஞாயிற்றுக்கிழமைதான் பயணத்தின் மையம். ஆர்.கே. பீச்சிலிருந்து வடக்கே பீமிலி வரை கடலை ஒட்டியே சாலை போகிறது. ஏறக்குறைய இருபத்தைந்து கிலோமீட்டர். பெரும்பாலோர் காலை ஒன்பதுக்குக் கிளம்பி, அருகில் இருப்பதிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வடக்கே போவார்கள். பீமிலி சேரும்போது உச்சி வெயில். திரும்பும்போது ஊரே வண்டியோடு எதிரில் வரும். நீங்கள் தலைகீழாகச் செய்யுங்கள். முந்தின இரவே வாடகைக் கார் பேசி வைத்து, இருட்டோடு கிளம்பி, நேராகக் கடைசி ஊரான பீமிலிக்குப் போய்விடுங்கள். அங்கிருந்து ஒவ்வோர் இடமாகத் தெற்கே இறங்கி வாருங்கள். போகிற இடங்களிலெல்லாம் கூட்டத்துக்கு முந்திக்கொள்வீர்கள். காரை அரை நாளுக்குப் பேசிக் கையோடு வைத்துக்கொள்ள வேண்டும். செயலியில் அழைத்துப் போனால் போய்ச் சேரலாம். ஆனால் வழியில் குன்றின் மேலுள்ள தொட்லகொண்டா மாதிரி இடத்திலிருந்து திரும்ப வண்டி கிடைப்பது அரிது. ஸ்கூட்டர் வாடகைக்கு எடுப்பதானால் பகலில் மட்டும், இருவருக்கும் ஹெல்மெட்டோடு.

பீமிலியில் கோஸ்தனி ஆறு கடலில் சேரும் இடத்தில் விடியலைப் பாருங்கள். அரக்கை விட்டுவிட்டோமே என்ற குறை இருந்தால், அது இங்கே கொஞ்சம் தீரும். அனந்தகிரி மலையில் பிறந்து, போரா குகையின் சுண்ணாம்புப் பாறையை அரித்துக் குடைந்த ஆறு இதுதான். மீன்பிடிப் படகுகள் கரையேறும் நேரத்தில் ஊரே விழித்திருக்கும். டச்சுக்காரர்கள் வணிகம் செய்த ஊர் இது. அவர்களுடைய பழைய கல்லறைத் தோட்டம் இன்னும் இருக்கிறது. இரும்புச் சுற்றுவேலிக்கு உள்ளே கூம்புக் கூம்பாகக் கருத்த கல்லறைகள். பத்து நிமிடம் போதும். கமல்ஹாசன், சரிதா நடித்து கே. பாலசந்தர் இயக்கிய 'மரோ சரித்ரா' 1978-ல் வந்தது. தெலுங்கிலேயே சென்னையில் ஒரு வருடத்துக்கு மேல் ஓடிய அந்தப் படத்தை இந்தக் கடற்கரைகளில்தான் எடுத்தார்கள். பார்த்திராவிட்டால் கிளம்புவதற்கு முன் இருவரும் சேர்ந்து பார்த்துவிடுங்கள். இங்கே வந்து நிற்கும்போது இடம் அடையாளம் தெரியும்.

பீமிலிக்குச் சற்றுத் தெற்கே எர்ரமட்டி திப்பலு. செம்மணல் மேடுகள், மழை அறுத்த ஓடைகளோடு கடல்வரை பரவிக் கிடக்கின்றன. தேசியப் புவி மரபுச் சின்னம் என்று இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அறிவித்த இடம். தூத்துக்குடி, திருநெல்வேலி பக்கத்துத் தேரிக்காட்டைப் பார்த்தவர்களுக்கு மண்ணின் நிறம் உடனே பழகியதாகத் தோன்றும். காற்று கொண்டுவந்து சேர்த்த கடற்கரைச் செம்மணல் தெற்காசியாவில் அங்கேயும் இங்கேயும் இலங்கையிலும்தான் இப்படி இருக்கிறது. காலை எட்டு மணிக்குள் போனால் சாய்வெயிலில் ஓடைச் சுவர்கள் நெருப்பாகத் தெரியும். தயவுசெய்து மேடுகளின் விளிம்பில் ஏறிப் படம் எடுக்காதீர்கள். காலடி பட்டாலே மணல் சரிந்து கொட்டும். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்த மண் அது, திரும்ப வராது. நடந்து நடந்து பதிந்த தடத்திலேயே போங்கள்.

அடுத்தது தொட்லகொண்டா. என்னை ஓர் இடத்தை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். கடலைப் பார்த்த குன்றின் உச்சியில், சுமார் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பௌத்த மடம். ஸ்தூபியின் அடித்தளம், பிக்குகள் தங்கிய சின்னச் சின்ன அறைகளின் வரிசை, மழைநீர் பிடிக்கப் பாறையில் வெட்டிய தொட்டிகள். கடற்படை 1970-களில் வானிலிருந்து அளவை எடுத்தபோது கண்ணில் பட்டு, பிறகு 1988 முதல் 1993 வரை அகழ்ந்தார்கள். சாதவாகனர்களின் ஈய நாணயங்களோடு ரோமானிய வெள்ளி நாணயங்களும் கிடைத்தன. கடல் வணிகத்தில் பொருள் சேர்த்தவர்கள் இந்த மடத்துக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்பது அங்கே நின்று கடலைப் பார்த்தாலே புரியும். நிழல் கிடையாது, கடை கிடையாது. தொப்பி, குடை, ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் எடுத்துப் போங்கள். ஒரு மணி நேரமாவது இருங்கள். பேசாமல் உட்கார்ந்திருக்கவும் இது நல்ல இடம்.

ருஷிகொண்டாவில் மதிய உணவு. வஞ்சிரம் வறுவல், இறால் வேப்புடு, கோங்குரா, நெய் விட்ட பப்பு சாதம் என்று கேட்டு வாங்கலாம். காரம் நம் பழக்கத்துக்கு மேலே இருக்கும்; குறைக்கும்படி முன்னமே சொல்லிவிடுங்கள். பிறகு அறைக்குத் திரும்பிவிட்டால் மாலை முழுக்க உங்களுடையது. அதை எதைக்கொண்டும் நிரப்பாதீர்கள். விடுமுறையில் இருவருக்குள் வரும் மனத்தாங்கலுக்குப் பெரும்பாலும் காரணம் பசி, தூக்கமின்மை, அடுத்த இடத்துக்கு நேரமாகிவிட்டது என்ற பரபரப்பு, இவ்வளவுதான். ஊரில் இருக்கும்போதே ஆளுக்கு ஓர் இடம் சொல்லிவைத்துக்கொள்ளுங்கள்: இதைப் பார்க்காமல் திரும்பினால் எனக்கு மனசு ஆறாது என்று. அந்த இரண்டும் நடந்தே தீர வேண்டும். மற்றதெல்லாம் கிடைத்தால் சரி. இப்படிப் பேசிவைத்தால் வெயிலில் நின்றுகொண்டு யார் சொன்னதைக் கேட்பது என்று முடிவெடுக்க வேண்டியிருக்காது.

திங்கட்கிழமை காலையில் சிம்மாசலம் நரசிம்மர் கோயில். சனிக்கிழமை நரசிம்மருக்கு உகந்த நாள் என்பதால் கூட்டம் அதிகம். அதற்காகவும்தான் இதைத் திங்களுக்கு வைத்தேன். வராக லட்சுமி நரசிம்மர் ஆண்டு முழுவதும் சந்தனக் காப்புக்குள் இருக்கிறார். அட்சய திருதியை அன்று மட்டும் நிஜரூப தரிசனம். அந்த நாளில் லட்சக்கணக்கானோர் கூடுவார்கள். சுற்றுலாவாகப் போகிறவர்கள் அந்தத் தேதியைத் தவிர்க்க வேண்டும். ஆஷாட மாதக் கிரிவலப் பௌர்ணமிக்கும் அப்படியே. கோயிலின் மிகப் பழைய கல்வெட்டு முதலாம் குலோத்துங்க சோழன் காலத்தது, 1098-99-ஐச் சேர்ந்தது. கடற்கரை ஊருக்கே அந்தக் காலத்தில் குலோத்துங்க சோழப்பட்டினம் என்று பெயர் இருந்திருக்கிறது. இப்போது நாம் பார்க்கும் கட்டடம் பெரும்பாலும் 13-ஆம் நூற்றாண்டில் கீழைக் கங்கர் எழுப்பியது. கல் சக்கரமும் குதிரையுமாக மண்டபம் இருப்பதைப் பார்த்தால் கொனாரக் நினைவுக்கு வரும். ஒடிசாவுக்கும் நமக்கும் நடுவே இந்த ஊர் இருக்கிறது என்பது இங்கே கல்லில் தெரிகிறது. இறங்கும்போது வழியில் மலை அன்னாசியும் சம்பங்கிப் பூவும் விற்பார்கள். இரண்டையும் வாங்குங்கள்.

கோயிலில் நாட்டமில்லாதவர்கள் அந்தக் காலையைத் தெற்கே யாரடாவுக்குக் கொடுக்கலாம். மூன்று பக்கமும் குன்று சூழ்ந்த கடற்கரை. சுத்திகரிப்பு ஆலையும் கப்பல் கட்டும் தளமும் உள்ள பக்கம் என்பதால் வழியில் லாரிப் போக்குவரத்து உண்டு. காலை எட்டுக்கு முன்னால் கடந்துவிடுங்கள். அங்கேயும் நீந்தக் கூடாது.

எந்த மாதம் என்றால் டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி வரை. கடற்படை நாள் நிகழ்ச்சியையொட்டி ஆர்.கே. பீச்சில் ஒத்திகையும் போக்குவரத்து மாற்றமும் இருந்தால் அந்த வாரம் வேண்டாம். ஏப்ரல், மே புழுக்கம் தாங்க முடியாது. அக்டோபர், நவம்பரில் ஆயுதபூஜை, தீபாவளி விடுமுறை வாகாக அமையும். ஆனால் அவை புயல் மாதங்கள். 2014 அக்டோபர் 12-ல் ஹூட்ஹூட் நேராக இந்த ஊரில்தான் கரையேறியது. அந்த மாதங்களில் போவதானால், பணம் திரும்பக் கிடைக்கும்படி அறை பதிவு செய்யுங்கள். வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்ற செய்தி வந்ததுமே தேதியை மாற்றிவிடுங்கள். சிவப்பு எச்சரிக்கை வரும்வரை காத்திருக்க வேண்டாம். அதற்குள் ரயில்களை நிறுத்தத் தொடங்கிவிடுவார்கள்.